முக்கிய இடங்களுக்கு மேல் டிரோன்: எந்தக் கட்டுப்பாடு எங்கே பயன்படும்?

2017 செப்டம்பர் 21 அன்று சூரியன் மறைந்த சிறிது நேரத்தில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு அருகே அமெரிக்க ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் ஏதோ மோதியது. பத்திரமாக இறங்கிய பிறகு பார்த்தால், மேலே சுழலும் நான்கு பெரிய இறக்கைகளில் ஒன்றின் முன்விளிம்பு ஒன்றரை அங்குலத்துக்கு நசுங்கியிருந்தது. ஹெலிகாப்டருக்குள் ஒரு சின்ன மோட்டாரும், அதைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் கையின் ஒரு துண்டும் சிக்கியிருந்தன. அந்த மோட்டாரின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துத்தான் டிரோனை வாங்கியவரைக் கண்டுபிடித்தார்கள். விசாரணை அதிகாரிகள் தொடர்புகொள்ளும் வரை அவருக்கு மோதல் நடந்ததே தெரியாது. சிக்னல் போய்விட்டது, டிரோன் தண்ணீரில் விழுந்திருக்கும் என்று நினைத்துக் கிளம்பிப் போயிருந்தார்.

டிரோன் அவரிடமிருந்து சுமார் 4 கி.மீ. தள்ளிப் பறந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்க்கவே முடியாத தூரம். அன்று ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்துக்காக அந்தப் பகுதியில் தற்காலிகத் தடை வேறு இருந்தது. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு அவர் நம்பியிருந்தது கையிலிருந்த ஆப்பை மட்டும்தான். அன்றைய தடையை அந்த ஆப் அவருக்குக் காட்டவில்லை.

சட்டம் இருந்தது, தடை அமலில் இருந்தது, காவலுக்கு ஹெலிகாப்டரும் இருந்தது. டிரோனைக் கையில் வைத்திருந்தவரிடம் மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. விமான நிலையம், அணு உலை, எண்ணெய்க் கிடங்கு, அணைக்கட்டு, சிறை, மருத்துவமனை ஹெலிபேட், பெருங்கூட்டம் கூடும் மைதானம் என்று எந்த இடத்துக்கு டிரோன் கட்டுப்பாடு கொண்டுவர நினைத்தாலும் நான் முதலில் நினைத்துப் பார்ப்பது இந்தச் சம்பவத்தைத்தான். நம் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்தாறு. எது கடுமையானது என்று பார்த்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரிய தவறு. எந்த வழி யாரை நிறுத்தும் என்று கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யாரை நிறுத்தப் பார்க்கிறோம்?

அத்துமீறிப் பறக்கும் எல்லோரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. புதிதாக வாங்கிய டிரோனை முதல் ஞாயிற்றுக்கிழமையே திறந்தவெளியில் கிளப்புகிறவருக்கு, மரங்களுக்குப் பின்னால் ஒரு ஹெலிபேட் இருப்பது தெரிந்திருக்காது. இன்னொருவருக்குத் தெரியும், ‘ரெண்டு நிமிஷம்தானே’ என்று துணிவார். தீயையோ விபத்தையோ மேலிருந்து படம் எடுக்கப் போகிறவர் பெரும்பாலும் இந்த ரகம். மூன்றாமவர் காசுக்காகச் செய்கிறார்: சிறைச் சுவருக்கு மேலே போனும் போதைப்பொருளும் இறக்குகிறவர். நான்காமவர் சேதம் செய்ய வருகிறவர். இந்தியாவில் 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது டிரோன் மூலம் வெடிபொருள் போட்டவர்கள் அந்த ரகம்.

அறிவிப்புப் பலகையும் வரைபடமும் முதலாமவருக்குப் போதும். இரண்டாமவருக்குப் பிடிபடுவோம் என்ற பயம் வேண்டும். மூன்றாமவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். நான்காமவருக்குச் சட்டமே ஒரு பொருட்டில்லை, அங்கே தொழில்நுட்பமும் காவலும்தான் பேசும். நான்காமவரை மனதில் வைத்துச் சட்டம் எழுதி, அதை முதலாமவர் மேல் போடுவதுதான் உலகம் முழுக்க அடிக்கடி நடக்கிற கோளாறு.

ஆபத்து மிகைப்படுத்தப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, அதே எடையுள்ள பறவை மோதுவதைவிட டிரோன் மோதினால் விமானத்துக்குச் சேதம் அதிகம் என்று காட்டியது. பறவையின் உடல் பெரும்பாலும் நீரும் சதையும், மோதியதும் சிதறிவிடும். டிரோனில் இருக்கும் மோட்டார், பேட்டரி, கேமரா மூன்றும் கெட்டியானவை, தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். அதனால் ‘பொம்மைதானே’ என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

முதல் வழி: நிரந்தரத் தடை வட்டம்

எந்த நிர்வாகமும் முதலில் கையிலெடுப்பது இதைத்தான். இடத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டு, உள்ளே யாரும் பறக்கக் கூடாது என்று அறிவிப்பது. எளிது, செலவில்லை, மீறினால் வழக்குப் போட ஒரு சட்டப்பிடி கிடைக்கிறது.

ஆனால் ஆரம் எவ்வளவு? பேச்செல்லாம் இந்த இடத்தில்தான் சிக்கும். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் கேமரா டிரோன் வினாடிக்கு 15 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம், அதாவது மணிக்கு 54 கி.மீ. 300 மீட்டர் வட்டத்தின் விளிம்பிலிருந்து நடுவுக்கு வர அதற்கு 20 வினாடி போதும். 1 கி.மீ. என்றால் ஒரு நிமிடம் சொச்சம். 5 கி.மீ. என்றால் ஐந்தரை நிமிடம். காவலில் நிற்பவர் நிமிர்ந்து பார்த்து, அது பறவையா டிரோனா என்று தெளிந்து, வயர்லெஸ்ஸில் சொல்லி முடிக்கவே 20 வினாடி போதாது. அப்படியானால் பெரிய வட்டம்தான் நல்லது என்று தோன்றும். பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 1 கி.மீ. வட்டத்துக்குள் அடங்குவது சுமார் 3 சதுர கி.மீ., 5 கி.மீ. வட்டத்துக்குள் 78 சதுர கி.மீ.க்கு மேல். ஆரம் ஐந்து மடங்கானால் பரப்பு இருபத்தைந்து மடங்கு. ஊருக்கு நடுவே உள்ள ஓர் இடத்துக்கு 5 கி.மீ. வட்டம் போட்டால் அந்த ஊரே உள்ளே வந்துவிடும். கட்டட வேலை அளப்பவர், வயலுக்கு மருந்து தெளிப்பவர், வெள்ளத்தில் ஆள் தேடுபவர் எல்லோருமே குற்றவாளி ஆகிவிடுவார்கள்.

நாடுகள் ஆளுக்கொரு அளவு வைத்திருக்கின்றன. ஜப்பானில் 2016இல் வந்த சட்டம் முக்கிய அரசுக் கட்டடங்களுக்கும் அணு உலைகளுக்கும் சுற்றிலும் சுமார் 300 மீட்டர் என்றது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2024 ஜனவரியிலிருந்து சிறைகளைச் சுற்றி 400 மீட்டர் வைத்திருக்கின்றன. பிரான்ஸ் அணுமின் நிலையங்களுக்கு 5 கி.மீ. ஆரமும் 1,000 மீட்டர் உயரமும் என்று பெரிய வட்டமாகவே போட்டிருந்தது. அப்படியிருந்தும் 2014 இலையுதிர்காலத்தில் பல அணுமின் நிலையங்களின் மேல் டிரோன்கள் தென்பட்டன. 2018 ஜூலையில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் சூப்பர்மேன் உருவத்தில் ஒரு டிரோனைச் செய்து பூஜே அணுமின் நிலையத்தின் கட்டடச் சுவரில் கொண்டுபோய் மோதிக் காட்டினார்கள். மனம் வைத்து வருகிறவரை வட்டம் நிறுத்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஜப்பான் அந்தச் சட்டத்துக்கு வந்த கதையும் முக்கியம். 2015 ஏப்ரல் 22 அன்று பிரதமர் அலுவலகத்தின் கூரையில் ஒரு சிறு டிரோன் கிடந்தது. அதில் லேசான கதிரியக்கம் உள்ள மண் இருந்த குப்பி. பிறகு தானாகவே சரணடைந்தவர், ஏப்ரல் 9ஆம் தேதியே அதைப் பறக்கவிட்டதாகச் சொன்னார். நாட்டின் மிக முக்கியமான கூரைகளில் ஒன்றில் அது கிட்டத்தட்ட இரண்டு வாரம் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது! அன்று அங்கே இல்லாமல் போனது சட்டம் மட்டுமா? மேலே என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கும் ஏற்பாடும்தானே? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு ஆரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பலனில்லை.

வட்டம் என்ற வடிவமே எல்லா இடத்துக்கும் பொருந்தாது. விமானம் சுமார் 3 டிகிரி சரிவில் ஓடுபாதைக்கு இறங்கி வருகிறது. ஓடுபாதை முனையிலிருந்து 2 கி.மீ. தூரத்தில் அதன் உயரம் 100 மீட்டரைச் சற்றே தாண்டியிருக்கும், 5 கி.மீ. தூரத்தில் 260 மீட்டருக்கு மேல். ஆகவே ஆபத்து ஓடுபாதையின் இரண்டு முனைகளிலும் நீளவாக்கில் நீண்டு கிடக்கிறது, பக்கவாட்டில் அவ்வளவு இல்லை. பிரிட்டனில் விமான நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டமும், ஒவ்வொரு ஓடுபாதை முனையிலிருந்தும் 5 கி.மீ. நீளம், 1 கி.மீ. அகலத்தில் ஒரு பட்டையும் சேர்த்து வரைகிறார்கள். இது யோசித்துச் செய்த வேலை.

இன்னொரு சங்கடமும் உண்டு. வெளியே தெரியக் கூடாத ஓர் இடத்துக்கு வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டால், ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று நாமே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். வட்டத்தின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டால் போதும். அதனால் அப்படிப்பட்ட இடங்களை மற்ற தடைப் பகுதிகளோடு சேர்த்து, ஒழுங்கற்ற வடிவத்தில் வரைவது நல்லது.

இரண்டாவது: மண்டலம் பிரித்து அனுமதி கொடுப்பது

முழுக்கத் தடுக்காமல், நிறம் பிரிப்பது. இந்தியாவின் டிரோன் விதிகள் 2021 இப்படித்தான் அமைந்திருக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள பகுதியில் 200 அடி வரை பச்சை, அதற்கு மேலே மஞ்சள், அங்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் முடியாது. முன்பு விமான நிலையத்திலிருந்து 45 கி.மீ. வரை நீண்டிருந்த மஞ்சள் மண்டலத்தை 12 கி.மீ.ஆகச் சுருக்கியதுதான் இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். தூரத்தோடு உயரத்தையும் கணக்கில் எடுத்ததால் அது முடிந்தது.

அமெரிக்காவில் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 400 அடிக்குள் ஓர் உச்ச உயரம் குறித்திருக்கிறார்கள். அந்த உயரத்துக்குள் பறக்க ஆப்பில் விண்ணப்பித்தால் சில வினாடிகளில் பதில் வந்துவிடும். கோப்பு மேசை மேசையாக நகர வேண்டியதில்லை.

இந்த வழியின் உயிர் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. அனுமதி கேட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்று, திருட்டுத்தனமாகப் பறப்பார்கள். இல்லையென்றால் பழைய முறைக்குத் திரும்பிப் போவார்கள். பழைய முறை என்றால் என்ன? அணைக்கட்டுச் சுவரில் விரிசல் பார்க்க ஓர் ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது. புகைபோக்கியின் உச்சிக்கு ஏணியில் ஏறுவது. உயர் அழுத்த மின்கோபுரத்தில் ஆள் தொங்குவது. பாதுகாப்பு என்று சொல்லி டிரோனை முழுக்கத் தடுத்துவிட்டு, அந்த ஆபத்தை யாரோ ஒரு தொழிலாளியின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அணை, ஆலை, மின்நிலையம் இவையெல்லாம் டிரோனால் அதிகம் பயனடையும் இடங்களும்கூட. தன் இடத்துக்கு மேல் தன் டிரோனைப் பறக்கவிடவே நிர்வாகம் மூன்று அலுவலகம் ஏறி இறங்க வேண்டிய விதியை எழுதக் கூடாது.

குறை என்ன என்று கேட்டால், அனுமதி கேட்காமல் பறப்பவரை இது ஒன்றும் செய்யாது. அப்புறம், எந்த இடம் ‘முக்கிய இடம்’ என்று முடிவு செய்ய ஓர் ஒழுங்கான நடைமுறை வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் 2016இல் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் 2209ஆம் பிரிவு, முக்கிய நிறுவனங்களை நடத்துபவர்கள் தங்கள் இடத்துக்கு மேல் கட்டுப்பாடு கேட்டு விண்ணப்பிக்க வழி செய்யுமாறு சொன்னது. கெடு மேல் கெடு கடந்து ஆண்டுக்கணக்கில் அது இழுத்துக்கொண்டே போனது. எல்லோரும் கேட்டால் எல்லோருக்கும் கொடுப்பதா என்ற கேள்விக்குப் பதில் எளிதில்லை. விதி எழுதும் நாளிலேயே இதற்கு ஒரு தகுதி வரையறை வைக்காவிட்டால் ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்கு ஒரு வட்டம் கேட்டு வரிசையில் நிற்கும்.

மூன்றாவது: நேரத்துக்கு மட்டும் தடை

சில இடங்களில் ஆபத்து இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பதில்லை. காலி மைதானத்துக்கு மேல் டிரோன் பறந்தால் யாருக்கு என்ன? முப்பதாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும்போதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் 30,000 பேருக்கு மேல் அமரக்கூடிய மைதானங்களில் பெரிய லீக் ஆட்டங்கள் நடக்கும் நாட்களில், ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, சுமார் 5.5 கி.மீ. ஆரத்தில் 3,000 அடி உயரம் வரை தடை. நேரம் முடிந்ததும் வானம் மறுபடி எல்லோருக்கும் திறந்துவிடும்.

டென்மார்க் இதன் இன்னொரு எல்லைக்கே போய்க் காட்டியது. 2025 செப்டம்பர் 22 இரவு டிரோன்கள் தென்பட்டதாகச் சொல்லி கோபன்ஹேகன் விமான நிலையத்தைச் சுமார் நான்கு மணி நேரம் மூடினார்கள். அடுத்த வாரமே அங்கே ஐரோப்பியத் தலைவர்கள் கூட இருந்ததால், செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 3 வரை நாடு முழுக்கப் பொதுமக்களின் டிரோன்களுக்குத் தடை போட்டார்கள். சாதாரண டிரோன்கள் வானத்தில் இல்லையென்றால், பறக்கும் எதையும் சந்தேகிக்கலாம், குழப்பமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஐந்து நாளைக்கு இது சரி. ஐந்து மாதத்துக்கு யாராவது இதைக் கேட்டால் எதிர்ப்பேன்.

தற்காலிகத் தடையின் பலவீனம் முதலில் சொன்ன ஹெலிகாப்டர் கதையிலேயே இருக்கிறது: நேற்று இல்லாத தடை இன்று வந்திருப்பது பறப்பவருக்கு எப்படித் தெரியும்? காட்டுத்தீ, வெள்ளம் மாதிரியான அவசரங்களில் இது இன்னும் மோசம், தடை போட்ட கொஞ்ச நேரத்தில் அமலுக்கு வரும். 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் பாலிசேட்ஸ் தீயை அணைக்க கியூபெக்கிலிருந்து வந்திருந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தில் ஒரு டிரோன் மோதியது. கடலில் தண்ணீரை அள்ளி வந்து நெருப்பின் மேல் கொட்டும் விமானம் அது. இறக்கையில் 3 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஓட்டை. வீடுகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானம் சில நாட்கள் தரையில் நிற்க வேண்டியதாயிற்று. பறக்கவிட்டவர் தீயின் சேதத்தைப் பார்க்க ஆசைப்பட்டு இரண்டரை கி.மீ.க்கு மேல் டிரோனை அனுப்பி, கண் பார்வையிலிருந்து தவறவிட்டிருந்தார். பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மோதல் வரைக்கும் போக வேண்டியதுகூட இல்லை. தீக்கு மேலே டிரோன் தெரிகிறது என்று தகவல் வந்தாலே, வழி தெளியும் வரை அணைப்பு விமானங்களை ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள்.

நான்காவது: டிரோனுக்குள்ளேயே வேலி

தடைப் பகுதிக்குள் மோட்டாரே கிளம்பாதபடி மென்பொருளில் எழுதிவிடுவது ஜியோஃபென்சிங். 2015 ஜனவரியில் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஒரு டிரோன் விழுந்த பிறகு, டிரோன் தயாரிக்கும் சீனாவின் டிஜேஐ நிறுவனம் வாஷிங்டனைச் சுற்றிச் சுமார் 25 கி.மீ. ஆரத்துக்கு இப்படி ஒரு வேலி போட்டது. அறியாமல் பறப்பவரைத் தடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அவர் எந்தச் சட்டத்தையும் படிக்க வேண்டாம், இயந்திரம் அவருக்காகப் படித்திருக்கும்.

ஆனாலும் அதே நிறுவனம் 2025 ஜனவரி 13 அன்று அமெரிக்காவில் இந்தக் கட்டாய வேலியை எடுத்துவிட்டது. அரசு வரைபடத்தின்படி எச்சரிக்கை வரும், முடிவு ஓட்டுபவருடையது. தீயணைப்பு விமானத்தில் மோதல் நடந்து நான்கே நாளில் வந்த அறிவிப்பு என்பதால் பலருக்கும் கோபம். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. யோசித்தபோது வேறொன்று பட்டது. தீயணைப்புத் துறையும் மீட்புக் குழுவும் தங்கள் டிரோனைக் கிளப்ப, எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியிடம் பூட்டைத் திறக்கச் சொல்லிக் காத்திருக்கும் நிலை நல்லதல்ல. வேலி எங்கே என்று தீர்மானிப்பது அரசின் வேலை, வியாபாரியின் வேலை அல்ல. ஐரோப்பாவின் விதிகளும் பல வகை டிரோன்களில் எச்சரிக்கும் வசதியைத்தான் கேட்கின்றன.

எனக்குச் சரியென்று படுவது நடுவழி. அணு உலை, விமான நிலைய ஓடுபாதைப் பட்டை மாதிரி மிகக் குறைந்த இடங்களுக்குக் கட்டாயப் பூட்டு, அதைத் திறக்கும் அதிகாரம் அரசு அமைப்பிடம். மற்ற இடங்களில் திரையை மறைக்கிற அளவுக்குப் பெரிய எச்சரிக்கை, ‘புரிந்தது’ என்று அழுத்தினால்தான் மேலே போக முடியும் என்ற ஏற்பாடு. சொந்தமாகப் பாகங்கள் வாங்கிச் செய்கிறவரின் டிரோனில் இது எதுவும் இருக்காது என்பதை மறக்கக் கூடாது.

ஐந்தாவது: வானத்தில் நம்பர் பிளேட்

ரிமோட் ஐடி என்பது டிரோன் தன் அடையாள எண், தான் இருக்கும் இடம், உயரம், வேகம், ஓட்டுபவர் நிற்கும் இடம் அல்லது கிளம்பிய இடம் இவற்றை வினாடிக்கு ஒரு முறையாவது வைஃபை அல்லது புளூடூத் வழியாக ஒலிபரப்புவது. அருகில் இருப்பவர் சாதாரணப் போனிலேயே பிடிக்கலாம். ஓட்டுபவரின் பெயர் தெரியாது, அது பதிவேட்டில் அதிகாரிகளிடம் இருக்கும். அமெரிக்காவில் 2024 மார்ச் 16 முதல் இதை முழுமையாக அமல்படுத்துகிறார்கள்.

இது யாரையும் தடுப்பதில்லை. ஆனால் அலட்சியக்காரரை மாற்றும் சக்தி எல்லா வழிகளையும்விட இதற்குத்தான் அதிகம் என்பது என் கணிப்பு. ‘ரெண்டு நிமிஷம்தானே’ என்பவர் நம்பியிருப்பது தன்னை யாருக்கும் தெரியாது என்பதை மட்டும்தான். அந்த நம்பிக்கை போய்விட்டால் துணிச்சலும் போய்விடும். காவலுக்கும் இது பெரிய உதவி: வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக ஓட்டுபவர் நிற்கும் இடத்துக்குப் போய், பேசி இறக்கிவிடலாம். மோட்டார்த் துண்டில் வரிசை எண்ணைத் தேடும் நிலை வராது.

2018 டிசம்பரில் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 19ஆம் தேதி இரவு தொடங்கி 21 வரை விட்டுவிட்டு டிரோன் தெரிந்ததாகத் தகவல்கள். சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1,40,000 பயணிகள் கிறிஸ்துமஸ் நேரத்தில் தவித்தார்கள். சந்தேகத்தில் கைதான தம்பதியைக் குற்றமற்றவர்கள் என்று விட்டார்கள். கடைசிவரை யாரும் பிடிபடவில்லை, 2021இல் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் பிரிட்டன் தடை எல்லையை 1 கி.மீ.யிலிருந்து 5 கி.மீ.யாக்கியது. அங்கே உண்மையில் தேவைப்பட்டது, வானத்தில் இருப்பது என்ன, அது யாருடையது என்று சொல்லும் கருவி. எல்லா நல்ல டிரோனும் தன்னை அறிவிக்கும் வானத்தில், அறிவிக்காமல் பறப்பது எதுவோ அதுவே சந்தேகத்துக்குரியது. கெட்ட எண்ணம் உள்ளவர் ரிமோட் ஐடியை அணைத்துவிடுவாரே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

ஒரு கவலை நியாயமானது. ஓட்டுபவர் நிற்கும் இடம் வழிப்போக்கருக்கும் தெரிவதால், தனியாக வேலை செய்பவரைத் தேடிவந்து சண்டை பிடிப்பவர்கள் உண்டு. அந்த ஒரு தகவலைக் காவல்துறைக்கு மட்டும் காட்டும்படி விதி எழுதுவது நல்லது.

ஆறாவது: பிடிப்பதும் வீழ்த்துவதும்

ஜாமர் வைத்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஜாமர் செய்வது, டிரோனுக்கும் ரிமோட்டுக்கும் நடுவே உள்ள 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைகளை இரைச்சலால் மூழ்கடிப்பது. பக்கத்திலுள்ள வைஃபையும் அதே அலையில்தான் ஓடுகிறது. ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து மூழ்கடித்தால் டிரோன் தன் இடம் தெரியாமல் காற்று போகிற பக்கம் மிதக்கும். தொடர்பு அறுந்த டிரோன் அப்படியே நிற்குமா, இறங்குமா, கிளம்பிய இடத்துக்குத் திரும்புமா என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. முன்கூட்டியே பாதை எழுதி அனுப்பிய டிரோன் ரிமோட்டையே எதிர்பார்ப்பதில்லை. போர்க்களங்களில் இப்போது கட்டளை போகும் மெல்லிய கண்ணாடி இழையை இழுத்துக்கொண்டு பறக்கும் டிரோன்கள் வந்துவிட்டன, அவற்றிடம் ரேடியோ ஜாமர் தோற்றுவிடும்.

வலை வீசிப் பிடிக்கலாம், சுடலாம். கீழே கூட்டம் இருந்தால்? ஒரு கிலோ டிரோன் யார் தலையில் விழும் என்று சுடுபவருக்கே தெரியாது. நெதர்லாந்து போலீஸ் 2016இல் கழுகுகளைப் பழக்கி டிரோன் பிடிக்க வைத்தது. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. பறவைகள் பழகியபடி எப்போதும் நடந்துகொள்ளவில்லை, செலவும் அதிகம் என்று 2017 முடிவில் கைவிட்டார்கள்.

ஆகவே வீழ்த்தும் அதிகாரம் பயிற்சி பெற்ற ஒரு சில அரசுப் பிரிவுகளிடம் மட்டும் இருக்க வேண்டும். தனியார் பாதுகாப்பு நிறுவனத்திடம் ஜாமரைக் கொடுப்பது விபரீதம். ஆனால் கண்டறியும் கருவி வேறு விஷயம். ரேடியோ அலையைக் கேட்கும் கருவியும் கேமராவும் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. முக்கிய இடம் ஒவ்வொன்றிலும் அவை இருக்கலாம்.

நான் முடிவெடுக்க வேண்டியிருந்தால்

விமான நிலையத்துக்கு நிரந்தரத் தடை, ஓடுபாதைக்கு நீட்டிய பட்டையோடு. வெளி விளிம்பில் உயரத்துக்கேற்ற உடனடி அனுமதி, இயந்திரப் பூட்டு, கண்டறியும் கருவி எல்லாமே வேண்டும். இங்கே கஞ்சத்தனம் கூடாது.

அணு உலைக்கும் எண்ணெய்க் கிடங்குக்கும் 1 கி.மீ. அளவில் நிரந்தரத் தடை போதும் என்பேன், ஆனால் சும்மா வட்டம் போட்டுவிட்டுப் போகாமல் ஒவ்வொரு நாளும் வானத்தைக் கவனிக்கும் ஆளும் கருவியும் வேண்டும். உள்ளே வேலை செய்யும் பரிசோதனை டிரோன்களுக்கு நிர்வாகமே அனுமதி கொடுக்கட்டும். அணைக்கட்டுக்கு இவ்வளவு இறுக்கம் வேண்டியதில்லை.

சிறைக்கு வட்டத்தின் அளவு இரண்டாம்பட்சம். கடத்துகிறவர் இரவில், சுவருக்கு அருகிலிருந்தே அனுப்புவார். ரேடியோ அலையைக் கேட்டு ஓட்டுபவரைப் பிடிப்பதில் பணத்தைப் போடுவது மேல். மருத்துவமனை ஹெலிபேடுக்கு எனக்குத் தெரிந்து மிகக் குறைந்த கவனம் கிடைக்கிறது, மிக அதிகமாகத் தேவைப்படுவது அதற்கு. ஹெலிகாப்டர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வரும்போது உள்ளே ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும். சிறிய நிரந்தர வட்டமும், ஹெலிகாப்டர் கிளம்பியதும் சுற்றிலும் உள்ள டிரோன் ஆப்களுக்குப் போகும் எச்சரிக்கையும் அங்கே அவசியம். மைதானத்துக்கும் ஊர்வலத்துக்கும் நேரத் தடை. தீயும் வெள்ளமும் வந்தால் உடனடித் தடை, மீட்புக் குழுவின் டிரோனுக்கு மட்டும் விலக்கு.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவாக ஓட வேண்டியவை இரண்டு: ரிமோட் ஐடி, அப்புறம் எல்லா ஆப்பும் ஒரே மூலத்திலிருந்து இழுக்கும் ஒரே அரசு வரைபடம். அந்த வரைபடம் தற்காலிகத் தடையைச் சில நிமிடங்களுக்குள் காட்ட வேண்டும். இணையம் இல்லாதபோது, கடைசியாக எப்போது புதுப்பித்தது என்பதைப் பெரிதாகத் திரையில் காட்ட வேண்டும்.

புதிய விதியை அறிவிக்கப் போகும் அதிகாரிகள் அதற்கு முந்தைய நாள் ஒரு வேலை செய்யலாம். கடையில் விற்கும் மூன்று நான்கு வகை டிரோன்களை எடுத்துக்கொண்டு தடை எல்லைக்குச் சற்று வெளியே போய் நிற்கட்டும். இறக்கைகளை மாட்டி, ரிமோட்டில் போனைச் செருகி, செயற்கைக்கோள் எண்ணிக்கை ஏறும் வரை காத்திருந்து, திரையில் என்ன வருகிறது என்று பார்க்கட்டும். பிறகு போனின் டேட்டாவை அணைத்துவிட்டு இன்னொரு முறை. தடை அங்கே தெரியவில்லையென்றால் அறிவிப்பை ஒரு வாரம் தள்ளிவைத்து, முதலில் அதைச் சரிசெய்யட்டும்.